காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்?

மும்பைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரு மருந்து இன்னொன்றோடு சேர்ந்தால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிற ஆராய்ச்சிக் காகிதங்களைப் படித்து, குறிப்பெழுதி, ஃபைல் போட வேண்டும். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சயான், தாராவி, செம்பூர் பக்கம் தமிழ் வீடுகளில் யாருக்காவது கேன்சர் என்றால் "அவருக்கு மருந்தும் தெரியும், ஹிந்தியும் தெரியும்" என்று என் நம்பர் கைமாறிவிடும். சனிக்கிழமைகளில் பாதி ஆஸ்பத்திரி வராந்தாக்களில்தான் கழிகிறது.

இங்கே சில வருஷங்களாகக் கேன்சர் நோயாளிகளுக்கு வழிகாட்டுவதற்கென்றே ஆட்களைப் படிக்கவைத்துத் தயார் செய்கிறார்கள். 'பேஷண்ட் நேவிகேட்டர்' என்று பெயர். நான் எனக்குள் 'வழித்துணை' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அந்தப் படிப்பு எங்கே நடந்தாலும், நம் வீடுகளில் ஓடுகிற கஷாயம், சூரணம், பத்தியம், யோகா இத்தனைக்கும் அதில் ஒப்புக்கு ஒரு மணி நேரம் போதாது, முழுப் பாடமாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வழித்துணை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம். 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹெரால்ட் ஃப்ரீமேன் என்கிற அறுவை மருத்துவர் ஆரம்பித்தார். அவரிடம் வந்த ஏழைப் பெண்கள் பலர் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வந்தார்கள். 1986 வரையான 22 வருஷக் கணக்கைப் பார்த்தால், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம்தான். இலவச, குறைந்த செலவுப் பரிசோதனைகளைக் கொண்டுவந்தார். கூடவே, நோயாளியோடு அலைந்து படிவம் நிரப்பி, பயத்தைக் கேட்டு, அடுத்த தேதிக்குத் திரும்ப அழைத்து வருகிற ஆட்களையும் வைத்தார். 1995-லிருந்து 2000 வரை வந்த பெண்களில் அதே கணக்கு 70 சதவீதம். புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊரில் இதைப் படிப்பாகவே ஆக்கியது டாட்டா மெமோரியல். டாட்டா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்ஸஸோடு சேர்ந்து ஓராண்டு டிப்ளமோவாக ஆரம்பித்தார்கள். திட்டத்துக்கு வைத்த பெயர் 'கேவட்'. துளசிதாசர் ராமாயணத்தில் ராமனின் காலைக் கழுவினால்தான் படகில் ஏற்றுவேன் என்று அடம்பிடித்துக் கங்கையைத் தாண்டவைக்கிற படகோட்டி. நமக்குப் படகு என்றால் குகன்தான். (வடக்கே குகன் வேறு ஆள், கேவட் வேறு ஆள். ஆஃபீஸில் ஒருவரோடு இதைப் பற்றி அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது, அது இங்கே வேண்டாம்.) பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். கரை தெரியாத ஆற்றில் படகோட்டிதான் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தாராவியில் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம். மார்பகத்தில் கட்டி, கீமோ போய்க்கொண்டிருந்தது. நகரத்தில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். மூன்றாவது கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் எகிறியிருந்தன, ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். மறுவாரமும் அதே கதை. மஞ்சள்காமாலை டெஸ்ட், ஸ்கேன் என்று காசு கரைந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு படிவத்தோடு வந்து "ஔர் கோயி தவா லேதே ஹை?" என்று கேட்பார்கள். அக்கா "நஹி" என்பார். படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொள்வார்கள். முடிந்தது.

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மராட்டிப் பெண் இருந்தார், சமூகப்பணி படித்தவர். அவர் என்னைப் பார்த்து, "மருந்து சாப்பிடுறாங்களான்னு கேக்காதீங்க. காலைல எழுந்ததும் வெறும் வயித்துல என்ன குடிக்கிறாங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். அக்கா கூச்சமே இல்லாமல் சொன்னார்: "ஊர்ல இருந்து தம்பி சீந்தில் சூரணம் அனுப்புதான்லா, அதைக் கொதிக்கவச்சுக் குடிப்பேன். ராத்திரி மஞ்சள் மாத்திரை ரெண்டு."

"ஏங்க்கா, இத்தனை நாளா இதைச் சொல்லலையே?"

"தவான்னுல்லா கேட்டாவ. இது மருந்தா தம்பி? சத்துக்குக் குடிக்கது. கேட்டா சொல்லியிருப்பேன்லா."

அக்கா பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரும் தன் வேலையைத்தான் செய்தார். நடுவில் ஒரு வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம். சூரணத்தை நிறுத்தினார்கள், இரண்டு வாரத்தில் என்சைம்கள் இறங்கின, கீமோ தொடர்ந்தது. சீந்தில்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கீமோவே கல்லீரலைப் படுத்தும். ஆனால் 2021-ல் இதே மும்பையின் மருத்துவர்கள், சீந்தில் (இங்கே 'கிலோய்') சாப்பிட்ட 6 பேருக்கு வந்த கல்லீரல் பாதிப்பைப் பற்றி ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை இருக்கட்டும். கீமோவில் இருக்கிற ஒருவர் அதைக் குடிக்கிறார் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? அதில் இரண்டு பேச்சு இருக்க முடியாது.

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். நான் பதிலுக்கு நித்யகல்யாணியைக் காட்டுவேன். நம் வாசலில் பூக்கிற அதே செடி. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் அதிலிருந்துதான் வந்தன. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இன்றைக்கும் வின்கிரிஸ்டின் போகிறது. உடனே "அப்படியானால் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமே" என்பார்கள். அங்கேதான் தப்பு. வின்கிரிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு வழியே, கை கால் மரத்துப் போகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். செடிக்கு வீரியம் இருக்கிறது என்று நீங்கள் நம்பினால், அந்த வீரியத்துக்குப் பயப்படவும் வேண்டும். நல்லது செய்ய மட்டும் வேலை செய்யும், கெட்டது செய்ய வேலை செய்யாது என்று எந்த இலையும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

மஞ்சளும் அப்படித்தான். சாம்பாரில் போடுகிற மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மாத்திரையாக, மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கிற குர்குமின் வேறு சமாச்சாரம். நெதர்லாந்தில் நடந்து 2019-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், அதைத் தமாக்ஸிஃபென்னோடு சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் தமாக்ஸிஃபென்னின் வேலையைச் செய்கிற எண்டாக்ஸிஃபென்னின் அளவு குறைந்தது. மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமலிருக்க வருஷக்கணக்கில் விழுங்குகிற மாத்திரை அது. அதன் பலத்தை நம் கையாலேயே குறைத்துக்கொள்வானேன்?

அதற்காக இதையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறியச் சொல்கிற ஆள் இல்லை நான். இந்த இடத்தில்தான் பல டாக்டர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. "எதுவும் கூடாது, எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை நோயாளி சொல்லமாட்டார், ஆனால் குடிப்பார்.

'ஒருங்கிணைந்த சிகிச்சை' என்கிற வார்த்தையை ஆளாளுக்குக் கடை போர்டில் எழுதிக்கொள்வதால் வந்த குழப்பமும் இதில் உண்டு. வெளிநாட்டில் இதற்கென்று இருக்கிற மருத்துவர் சங்கம் வைத்திருக்கிற வரையறையின் உயிர்நாடி, வழக்கமான கேன்சர் சிகிச்சையோடு கூடவே, சான்று பார்த்து, என்பது. அதற்குப் பதிலாக என்பது அல்ல. அப்படிச் சான்று பார்த்துத் தேறியவை இருக்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் அந்தச் சங்கமும் சேர்ந்து வழிகாட்டு நெறிகளே போட்டிருக்கிறார்கள். 2022-ல் வலிக்கு, 2023-ல் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும், 2024-ல் களைப்புக்கு. ஹார்மோன் மாத்திரையால் வருகிற மூட்டு வலிக்கு அக்குபங்சர், பதற்றத்துக்கு மூச்சைக் கவனிக்கிற தியானப் பயிற்சி, சிகிச்சைக் காலத்துக் களைப்புக்கு (ஆச்சரியமாக இருக்கும்) உடற்பயிற்சி. படுத்தே இரு, அசையாதே என்று நாம் சொல்வதற்கு நேர் எதிர்.

யோகாவைப் பற்றி டாட்டா மெமோரியலே ஒரு பெரிய ஆய்வு செய்தது. மார்பகப் புற்றுநோய் வந்த 850 பெண்கள், குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. 2022 டிசம்பரில் சான் அன்டோனியோ மாநாட்டில் முடிவை வைத்தார்கள். யோகா செய்த பிரிவில் நோய் திரும்பாமல் வாழ்வது ஒப்பீட்டளவில் 15 சதவீதம் மேம்பட்டது என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், "யோகா கேன்சரைக் குணப்படுத்தும்" என்று ஃபார்வர்டுகள் பறந்தன. அந்த இரண்டு பிரிவுப் பெண்களும் வழக்கமான சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்கள் என்கிற வரி எந்த ஃபார்வர்டிலும் இல்லை. அந்த ஒரு வரியை நோயாளியின் பாஷையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். ஐம்பது பேர் வெளியே காத்திருக்கும்போது டாக்டரால் முடியாது. வழித்துணையால் முடியும், அவருக்குத் தெரிந்திருந்தால்.

தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு என்னிடம் இருக்கிற பலமான ஆதாரம் 2018-ல் அமெரிக்காவின் யேல் ஆட்கள் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். முதலாவது எதிர்பார்த்ததுதான். குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமான சிகிச்சையில் ஏதாவது ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, கூடவே மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களிலும் இறப்பு அபாயம் இரண்டு மடங்கு. ஏன்? கீமோ வேண்டாம் என்று மறுத்தவர்கள் அவர்களில் 34 சதவீதம், மற்றவர்களில் 3 சதவீதம். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். இந்த மறுப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் காணாமல் போகிறது.

இதை நான் படிக்கிற விதம் இது. ஆளைக் கொன்றது கஷாயமில்லை. கஷாயம் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆறாவது கீமோவுக்குப் போகாமல் விட்டதுதான். அந்த முடிவை யாரும் ஆஸ்பத்திரியில் எடுப்பதில்லை. வீட்டில், ராத்திரி, ஊரிலிருந்து வருகிற ஃபோனில் எடுக்கிறார்கள்.

வெளியூரில் இருக்கிற நமக்கு அந்த ஃபோன் என்னவென்று தெரியும். சித்தப்பா கூப்பிடுவார், மச்சான் கூப்பிடுவார். "கீமோ போட்டா முடி போயிரும், ஆளே போயிருவா. இங்க ஒரு வைத்தியர் இருக்காரு, கூட்டிட்டு வா." முள்சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்ற அந்தப் பழைய ஃபார்வர்டு இன்னும் சாகவில்லை. (அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் ரொம்ப நாள் சாப்பிடுகிற குவாடலூப் தீவில், அதற்கும் பார்க்கின்சன் மாதிரியான நரம்பு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999-லேயே எழுதிவிட்டார்கள். அந்தச் செய்தி ஃபார்வர்டு ஆகாது.) ஊரில் என்றால் தெரிந்த நர்ஸ், மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி என்று விசாரிக்க நாலு பேர் உண்டு. இங்கே மொழியும் அரைகுறை, லீவும் கிடையாது. பாசம் மட்டும் கூரியரில் வந்துகொண்டே இருக்கிறது.

இது தமிழருக்கு மட்டும் நடப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. பக்கம் போனால் கடை போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கும். வங்காளத்திலிருந்து அத்தனை பேர் அங்கே வருகிறார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் வழித்துணையாக உட்கார்ந்தால், வங்காளத்துப் பாட்டி காலையில் என்ன குடிக்கிறாள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அகராதி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

பத்தியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் சூரணத்தைவிட அதிகக் கெடுதல் செய்வது இதுதான், யாருமே கண்டுகொள்வதும் இல்லை. கேன்சர் என்றதும் வீட்டில் முட்டை நிற்கும், மீன் நிற்கும், பால் சளி என்று நிற்கும், "சர்க்கரை கேன்சருக்குத் தீனி" என்று பழமும் நிற்கும். உப்பு புளியில்லாத கஞ்சி. வாயிலும் தொண்டையிலும் நோய் வந்தவருக்கு ஏற்கெனவே விழுங்க முடியாது, அவரை மேலும் பட்டினி போடுவோம், அன்பாக. எடை குறைந்து, புரதம் குறைந்து, "உடம்பு தாங்காது" என்று கதிர்வீச்சை நடுவில் நிறுத்துவார்கள். அப்புறம் "பாத்தியா, கரண்ட் வச்சதுல ஆளே உருகிட்டாரு" என்று பழி கதிர்வீச்சுக்குப் போகும். காலை நடைக்குப் போகிற இடத்தில் விற்கிற அருகம்புல் சாறும் அப்படித்தான். நமக்கு ஒன்றும் செய்யாது. வெள்ளணுக்கள் தரையில் கிடக்கிற வாரத்தில், எங்கே கழுவினார்கள் என்றே தெரியாத பச்சைச் சாறு கிருமியையும் சேர்த்துக்கொண்டு வரும். இஞ்சித் தண்ணீர் குடிக்கலாமா, எண்ணெய் தேய்க்கலாமா, தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அழுத்தி மசாஜ் செய்யலாமா... வீட்டுக்காரர்கள் தினமும் கேட்கிற கேள்விகள் இவைதான். மரபணு டெஸ்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆகவே பயிற்சி என்றால் நான் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. எப்படிக் கேட்பது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த மராட்டிப் பெண் கேட்ட மாதிரி. திட்டாமல், முகம் சுளிக்காமல். அடுத்து, எதை விட்டுவிடலாம், எதை உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இதற்கு மருந்தாளுநர், உணவியல் நிபுணர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் வகுப்பெடுக்கட்டும். ஒரு சித்த மருத்துவரையும் ஆயுர்வேத மருத்துவரையும்கூடக் கூப்பிட வேண்டும் என்பேன், சிலருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது, செந்தூரம் என்றால் உலோகம், பற்பம் என்றால் எரித்த சாம்பல் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கேன்சரைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம் என்பதையும் வழித்துணைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பட்டியலில் கேன்சர் பெயர் சொல்லியே இருக்கிறது.

எதிர்வாதங்கள் இரண்டு கேட்டிருக்கிறேன். "பாடத்தில் சேர்த்தால் போலி வைத்தியத்துக்கு அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று ஒரு டாக்டர் நண்பர். ஆகாது என்று நினைக்கிறேன். பாம்புக்கடியைப் பற்றிப் படிப்பது பாம்புக்கு அங்கீகாரமா? இரண்டாவது வாதம் கனமானது. அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, வழித்துணையே நாளைக்கு "இதைச் சாப்பிடு, அதை விடு" என்று வைத்தியம் பார்க்க ஆரம்பித்தால்? இந்தப் பயம் எனக்கும் உண்டு. நம் ஊரில் கம்பவுண்டர்கள் டாக்டரான கதை நிறைய. அதனால் எல்லைக்கோட்டைப் பாடத்தின் முதல் நாளே போட்டுவிட வேண்டும். கேட்கலாம், எழுதலாம், புரியவைக்கலாம், டாக்டரிடம் சேர்க்கலாம். மருந்து எழுதக்கூடாது, நிறுத்தவும் கூடாது. அக்கா விஷயத்தில்கூட அந்தப் பெண் "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. சூரணப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி டாக்டர் மேஜையில் வைத்தார். நிறுத்தச் சொன்னது டாக்டர்.

ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும் என்பதும் உண்மைதான். மெஷின் வாங்கித் தந்தால் பெயர்ப் பலகை வைக்கலாம், ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்துக்குப் பலகை வைக்க முடியாது. நன்கொடை தருகிற நம் சங்கத்து ஆட்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அதுவரைக்கும் நம்மால் ஆனது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால், அடுத்த முறை ரிப்போர்ட் ஃபைலோடு இன்னொரு பையையும் எடுத்துப் போங்கள். சமையலறை ஷெல்ஃபில் இருக்கிற சூரணம், லேகியம், மாத்திரை, எண்ணெய் எல்லாம் அதில் இருக்கட்டும். லேபிள் தமிழில் மட்டும் இருந்தால் இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் நான் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீந்தில் என்றால் இங்கே கிலோய், அமுக்கரா அஸ்வகந்தா, நித்யகல்யாணி சதாபஹார், நிலவேம்பு காலமேக், முள்சீத்தா லக்ஷ்மண் ஃபல். பக்கத்தில் தாவரப் பெயர். நாற்பது வரை வந்திருக்கிறது. அந்த மராட்டிப் பெண் பிரிண்ட் எடுத்துத் தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். கொங்குப் பக்கத்துப் பெயர்களும் நாஞ்சில் பக்கத்துப் பெயர்களும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்.